ஏழாம் பக்கத்துச் சந்தனம்

இது நடந்தது. பேயைக் கண்டேன் என்று ஊரில் சொல்லித் திரிந்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக மிளகு வியாபாரம் செய்யும் பாலக்காட்டுக் குடும்பம் நாங்கள். நானும் வாயைத் திறப்பதாக இல்லை. ஆனால் அந்த ஒலிப்பதிவு இப்போது பலருடைய ஃபோனில் இருக்கிறது. ஆளுக்கொரு கதை கட்டுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் கார் ராலி என்றால் ஊரே கிளம்பும். மலைச்சாலை ஓரத்தில் விடிய விடியக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வெள்ளை ஃபியட் முகப்பில் நான்கு கூடுதல் விளக்குகளோடு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்தால் விசில் பறக்கும். ஓட்டுவது எங்கள் கிடங்கு லாரி டிரைவர் முப்பிடாதி. பக்கத்தில் உட்கார்ந்து வழி படிப்பது என் தம்பி வெங்கிடேஸ்வரன். கையில் வழிக்குறிப்புப் புத்தகம், ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு. இத்தனை மீட்டர், இந்த வளைவு. தம்பி உரக்கப் படிப்பான். முப்பிடாதி பேச மாட்டான். விரலில் கிடந்த இரும்பு மோதிரத்தால் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு. டிக். கேட்டாச்சு, அடுத்தது சொல்லு என்று அர்த்தம்.

1986 ஜூலையில் ஏலப்பாறை மலைச்சாலையில் ராத்திரி மழை. ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. தம்பி பிழைத்தான். முப்பிடாதி போய்விட்டான். டிரைவர் குடித்திருந்தான் என்று விசாரித்தவர்களிடம் சொன்னது நான். தம்பியும் அதையே நம்பினான். காரைக் கொண்டுவந்து கொச்சங்காடிக் கிடங்கில் பூட்டினேன். அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் அதற்குள்ளேயே போட்டேன்.

போன மாதம் ஃபோர்ட் கொச்சியில் பழைய ராலி கார்களின் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் காரையும் கேட்டார்கள், பெருமையாகத்தான் இருந்தது. போர்டுக்கு வாசகம் கேட்டபோது 'ஓட்டுநரின் குடிபோதையால்' என்று எழுதிக் கொடுத்தேன். கார் போகுமுன்பே போர்டு தயாராகிவிட்டது; அதைப் பார்த்துவிட்டு முப்பிடாதியின் மகள் அமுதவள்ளி வந்தாள். கண்காட்சி இடத்துக்கு அருகிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள்.

"சாமி, எங்கப்பா கள்ளுக்கடைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினவரில்ல. உங்களுக்கே அறியும்."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"குடிகாரன் மகள்னே எனக்கு ரெண்டு கல்யாணம் தட்டிப் போச்சு. இனி போர்டு எழுதி வேற மாட்டணுமா? அந்த ஒரு வரிய எடுத்துருங்க. வேறொண்ணும் வேண்டாம்."

எழுதியது எழுதியதுதான் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் மனம் உறுத்தியது. கார் வெளியே போனால் அந்தப் புத்தகம் யார் கையிலாவது சிக்கும். அன்று சாயங்காலமே கிடங்குக்குப் போனேன்.

மணி 6:38. நல்ல மழை. மின்சாரம் இல்லை. கையில் டார்ச். கார்க் கதவைத் திறந்து தம்பியின் இருக்கையில் உட்கார்ந்தேன். புத்தகம் டாஷ்போர்டு அறையில் அப்படியே இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

காற்றாக இருக்கும் என்று தள்ளினேன். அசையவில்லை. கண்ணாடியை இறக்கப் பார்த்தேன். கைப்பிடி சுற்றியது, கண்ணாடி இறங்கவில்லை.

மணி 6:42.

டிக்.

ஸ்டியரிங்கில் இருந்து வந்தது. டார்ச்சைத் திருப்பினேன். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை… ஆனால் குஷன் ஓர் ஆள் உட்கார்ந்ததுபோல் அமுங்கியிருந்தது.

டிக்.

அடுத்தது சொல்லு.

என் கை புத்தகத்தைத் திறந்தது. நான் படித்தேன்… வேறு என்ன செய்ய?

"முந்நூறு மீட்டர். வலது."

டிக்.

இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினேன். எட்டு வந்தது.

படித்தேன்.

சத்தம் இல்லை.

மறுபடி படித்தேன்.

இல்லை…

அமுங்கிய குஷன் என் பக்கமாகச் சாய்ந்தது.

ஆறும் ஏழும் ஒட்டியிருந்தன. மலைச்சாலை தொடங்கும் பக்கம் என்று, புறப்படுமுன் ஏழாம் பக்கத்தில் சந்தனம் குழைத்து வைத்தவன் நான். அட்டையில் வைத்தால் போதும் என்று முப்பிடாதி சொல்லியும் கேட்கவில்லை. காயுமுன் மூடிக் கொடுத்தேன். அது ஒட்டித்தான் தம்பி இரண்டு பக்கம் தாண்டிப் படித்திருக்கிறான்; விபத்துக்கு மறுநாளே அதைப் பார்த்துவிட்டேன். தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை.

நகத்தால் பிரித்தேன். கிழிந்தது. வாசனை கூட இன்னும் போகவில்லை.

"இருநூறு மீட்டர். நேர்."

டிக்.

"இடது… கொண்டை ஊசி. சுவர் இல்லை."

வெகுநேரம் ஒன்றும் இல்லை.

டிக்.

கதவு திறந்தது. மணி 6:54.

வெளியே வந்ததும் ஃபோன் அடித்தது. ஆலுவாவிலிருந்து தம்பி மனைவி கமலாக்ஷி. தம்பி பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கை விளங்காது. பேச்சு அறவே இல்லை.

"அண்ணா, இவர் பேசினார், கேட்டேளா? ஆறு நாப்பத்திரண்டுக்குத் தொடங்கி பன்னெண்டு நிமிஷம். இடது, வலதுன்னு என்னமோ வாசிக்கறாப்பலே. ஃபோன்ல பிடிச்சு குடும்ப குரூப்பில் போட்டிருக்கேன்."

கேட்டேன். நான் படித்த அத்தனையும் தம்பியின் குரலில் இருந்தது. எட்டாம் பக்கத்துக்குப் பிறகு நீண்ட மௌனம். பிறகு ஆறு, ஏழு. அதற்குப் பிறகு, நான் சொல்லாத ஒரு வரி.

"முப்பிடாதி, இதை நான் படிக்கலையே…"

எனக்குக் கேட்ட அத்தனை தட்டும் பதிவாகியிருக்கிறது. அறையில் அப்படி ஒரு சத்தமே கேட்கவில்லை என்கிறாள் கமலாக்ஷி. பதிவு எப்படியோ அமுதவள்ளிக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் ராத்திரியே கூப்பிட்டாள். "சாமி, இது அப்பா மோதிரம். அதோடதான் அப்பாவ எரிச்சோம்."

மறுநாள் போர்டில் அந்தக் குடிபோதை வரியை எடுக்கச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. எடுத்தார்கள்.

பிறகு ஆலுவாவுக்குப் போனேன். தம்பி கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தான். போர்டில் அந்த வரி இப்போது இல்லை என்றேன். ரெஸ்ட் எடு என்றேன். சந்தனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எழுந்தேன்.

அவனுடைய விளங்காத வலது கை மெல்ல எழுந்து கட்டில் கம்பியைத் தட்டியது.

டிக்.

அவன் விரலில் மோதிரம் இல்லை.