பேரங்காடியில் தொலைந்த சம்பந்தியம்மா

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலையில் கோல சிலாங்கூரிலிருந்து ஜெராம் வரைக்கும் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மத்தியானம் அதே பிள்ளைகளை அவரவர் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். என் வேனில் தண்ணீர்ப் போத்தல் தொலைந்திருக்கிறது. ஒற்றைக் காலுறை தொலைந்திருக்கிறது. ஒருமுறை வாத்தியார் ஒருவரின் குடைகூடத் தொலைந்தது. பிள்ளை மட்டும் தொலைந்ததே இல்லை. இப்படிப்பட்ட நான்தான் போன பள்ளி விடுமுறையில் கோலாலம்பூருக்குப் போய், ஒரு பேரங்காடிக்குள் நுழைந்து, ஒரு பெரிய மனுஷியைத் தொலைத்தேன்.

சாதாரண மனுஷி என்றால் தேடிக்கொள்ளலாம். இவர் என் மகளை மருமகளாக எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கத் திருச்சியிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தவர். பையனோட அம்மா.

பையனும் என் மகளும் கோலாலம்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை. பிள்ளைகள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. பையனின் அப்பா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்ட அன்றைக்கே தலையாட்டிவிட்டார். அம்மாதான் கை கழுவிவிட்டு, "பாத்துச் சொல்றோம்" என்று சொன்னவர், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வார இறுதியில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், பெரியவர்கள் இரண்டு பேரும் பையனின் வாடகை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருப்பேனா நான்? "கே.எல். நமக்கு உள்ளங்கை மாதிரி. நான் சுத்திக் காட்டுறேன்" என்று வாய்விட்டேன்.

மகள் உடனே போன் செய்தாள்.

"அப்பா, ஜோக்கு அடிக்காதீங்க. பீத்திக்காதீங்க. முக்கியமா, சம்பந்தி கிம்பந்தின்னு கூப்பிட்டு வைக்காதீங்க. அவங்க இன்னும் ஓகே சொல்லல."

"வேற எப்படிம்மா கூப்பிடுறது?"

"வாங்க, போங்க. அவ்ளோதான் லா."

"நாள் பூரா வாங்க போங்கன்னே பேச நான் என்ன கார் பார்க்குல காவல் நிக்கிற ஜாகாவா?"

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டீங்க!"

என் மனைவி கிளினிக்குக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டே தன் பங்குக்குச் சொன்னாள்: "பத்தரமா கூட்டிட்டுப் போயி பத்தரமா கொண்டாந்து விடுங்க. வாய மட்டும் வீட்ல வச்சிட்டுப் போங்க."

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் உள்ளங்கையில் இருந்த கே.எல். கொஞ்சம் சின்னது. அதில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெரு உண்டு, தைப்பூசத்துக்கு வேன் நிறுத்த ஓர் இடம் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிற அந்தப் பேரங்காடி அதில் இல்லை. எங்கள் ஊருக்கு உலகமே மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறது. நாங்களோ விளக்கு பார்க்க இங்கே வருகிறோம்.

உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. பெட்டிகளை உருட்டிக்கொண்டு அரபுக் குடும்பங்கள் போயின. சீனாவிலிருந்து வந்த ஒரு கூட்டம், சின்னக் கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்த பெண்ணின் பின்னால் வாத்துக் குஞ்சுகளைப்போல் வரிசையாகப் போனது. அந்தக் கொடியைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அதற்காக எவ்வளவு ஏங்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

அந்த அம்மா உறையூரில் தையல் கடை வைத்திருந்தவர். கடைக்குள் போனால் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. சட்டையை எடுத்து உட்புறம் வெளியே வரத் திருப்புவார், தையலை விரலால் நீவுவார், மறுபடி மடித்து வைப்பார். நல்லதா கெட்டதா, ஒரு வார்த்தை வராது. ஒரு வாரமாக எங்கள் குடும்பத்தையும் இவர் இப்படித்தானே திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

வாத்தியாருக்குக் கால் வலித்தது. கீழ்த்தளத்தில் ஒரு மசாஜ் நாற்காலி கிடைத்தது. உட்காரவைத்து, போனைக் காட்டிக் காசு கட்டி, ஓடவிட்டேன்.

"சார், சார்! என்ன சார் இது, ஆளப் புடிச்சு உலுக்குது?"

"ரத்த ஓட்டம் சார். அசையாம இருங்க."

"நான் எங்க சார் அசையறேன்? அதுதான் அசையுது!"

"இவரு இங்கயே உலுங்கட்டும். நாம மேல பாத்துட்டு வரலாம்" என்றார் அம்மா.

நகரும் படிக்கட்டு. இளைஞனைப்போல் முதலில் ஏறியவன் நான். ஏறி, திரும்பி, "ஒண்ணுமில்ல, வலது கால வைங்க" என்றேன். அவர் கீழேயே நின்றார். காலை நீட்டுவார், எடுப்பார். நான் மேலே போய்க்கொண்டிருந்தேன். "சும்மா வைங்க லா!" என்று கத்தியபோது பாதி உயரத்தில் இருந்தேன். தேரில் எழுந்தருளிய சாமிபோல் கையை ஆட்டியபடி மேல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்கலாம் என்றால் இறங்குகிற படிக்கட்டு பக்கத்தில் இல்லை. இந்த இடங்களைக் கட்டுகிறவர்கள் அதைக் கட்டடத்தின் மறுகோடியில் வைத்திருந்தார்கள். நாம் எல்லாக் கடையையும் பார்க்கவேண்டுமாம். பார்த்தேன், ஓடிக்கொண்டே பார்த்தேன்.

கீழே வந்தபோது அந்த அம்மா அங்கே இல்லை.

கைப்பேசியில் 'பையனோட அம்மா' என்று பதிந்துவைத்திருந்த எண்ணை அழைத்தேன். அது திருச்சி எண். பையன் வீட்டு வைஃபை எட்டினால்தான் அதற்கு உயிர். வாத்தியாரிடம் போய்ச் சொல்லலாமா? கண்ணை மூடி இன்பமாக உலுங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "சார், உங்க சம்சாரத்தக் காணோம்" என்று எந்த வாயால் சொல்வது? வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்ன அந்த வாயாலா?

ஓடினேன். கடிகாரக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். வாசனைத் திரவியக் கடையில் ஒரு பெண் என் மணிக்கட்டில் எதையோ பீய்ச்சினாள். மறுக்க நேரமில்லை, மணத்துக்கொண்டே ஓடினேன். பெண்கள் உள்ளாடைக் கடை வாசலில் நின்று "அம்மா! அம்மா!" என்று கூப்பிட, உள்ளே இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு செருப்பு கழன்று பின்னால் போனது. மனத்துக்குள் அவர் பாஸ்போர்ட் தொலைந்து, தூதரகத்தில் உட்கார்ந்து அழுது, பையன் வேலையை விட்டு, என் மகள் காலம் பூராவும் என்னோடு பேசாமல் இருந்து, என் ஈமச்சடங்குக்கு மட்டும் வந்து போனாள். இவ்வளவும் ஐஸ்கிரீம் கடையிலிருந்து தகவல் மேசைக்குப் போவதற்குள்.

மேசையில் முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மலாயில்தான் பேசினோம்.

"காணாமப் போனவங்க பேரு, அங்கிள்?"

அப்போதுதான் உறைத்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த வீட்டு அம்மாவிடம் போய் உங்கள் பெயர் என்ன என்று கேட்க நான் என்ன அடையாள அட்டை சோதிக்கிற போலீஸா? அவர் வீட்டுக்காரரும் "இந்தாம்மா" என்பதைத் தாண்டி எதுவும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"பேரு தெரியாதும்மா."

"தெரியாதா? அப்போ அவங்க உங்களுக்கு என்ன முறை வேணும்?"

பையனோட அம்மா என்று ஒலிபெருக்கியில் சொன்னால் பாதிப் பேரங்காடி வந்து நிற்கும். பெசான் என்றேன். சம்பந்திக்கு மலாயில் அதுதான் சொல். அந்தப் பெண்ணின் கண் விரிந்தது.

"பெசானையா தொலைச்சிட்டீங்க, அங்கிள்!"

பிள்ளையைத் தொலைத்திருந்தால்கூட அவள் இப்படிப் பதறியிருக்கமாட்டாள்.

"தமிழ்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"சம்பந்தியம்மா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். எல்லாத் தளத்திலும், எல்லாக் கடையிலும், கழிப்பறையிலும்கூட அது கேட்டது: "சம்பந்தி அம்மா, சம்பந்தி அம்மா. தயவுசெய்து தகவல் மேசைக்கு வரவும்." நல்ல மனசுக்காரி, திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதலில் வந்தது கை நிறையப் பைகளோடு நம்மினத்துப் பெண் ஒருவர். "யாரு கூப்பிட்டா? என் சம்பந்தி தேடுறாங்களா? இப்பதானே காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தாங்க!" அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் வந்தார், தலைமுடி எட்டுத் திசையிலும் நிற்க. உடம்பு இன்னும் லேசாக உலுங்கிக்கொண்டிருந்தது.

"சார், சம்பந்தியம்மான்னு... நம்மளயா சார் சொன்னாங்க?"

பதில் சொல்லுமுன் மின்தூக்கி திறந்தது. அந்த அம்மா நிதானமாக நடந்து வந்தார். கையில் என் செருப்பு.

"நான் லிப்டுல மேல வந்தேன். நீங்க கீழ போயிட்டீங்க. சரி, வருவீங்கன்னு மூணாவது மாடிக் கம்பிகிட்ட நின்னேன். கூப்பிட்டேன், காதுலயே வாங்கல. ஓடுறீங்க, ஓடுறீங்க, அப்படி ஓடுறீங்க. வர்ற வழியில இது கெடந்துச்சு." செருப்பைக் கீழே வைத்தார்.

"மன்னிச்சிருங்க. அந்தப் பொண்ணு பேரு கேட்டுச்சா, எனக்கு..."

பைக்காரப் பெண் விடவில்லை. "சம்பந்தியா? நல்லதுங்க! கல்யாணம் எப்போ?"

வாத்தியார் இருமினார். நான் செருப்பை மாட்டினேன், மாட்டின செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினேன். தரையைத் தவிர வேறெங்கும் பார்க்கத் துணிவில்லை. என் மகளின் வாழ்க்கையை ஒலிபெருக்கியில் ஏலம் போட்டுவிட்டேனே!

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். என்னிடம் திரும்பினார்.

"இந்தக் கடையில பூ கெடைக்குமா?"

"பூவா?"

"தலைக்கு வைக்கிற பூ. மல்லி."

"இந்தாம்மா, என்ன சொல்ற?" என்றார் வாத்தியார்.

"பூ வைக்கணும்னா பூ வேணாமா? பொண்ணு வீட்டு மனுசங்க எப்படின்னு பாக்கத்தான் வந்தேன். மூணாவது மாடியிலேருந்து நல்லாவே பாத்துட்டேன். வந்தவளுக்கே இந்த ஓட்டம் ஓடுறவரு, பெத்த பொண்ண எப்படி வளத்திருப்பாருன்னு தெரியாதா?"

பைக்காரப் பெண் கைதட்டினார். என்ன நடந்தது என்று கேட்ட மலாய்ப் பெண்ணுக்கும் அவரே மொழிபெயர்த்தார்.

அந்தப் பேரங்காடியில் வைரம் இருந்தது, பனிச்சறுக்கு இருந்தது, பிரான்சிலிருந்து வந்த ரொட்டி இருந்தது. ஒரு முழம் மல்லிகை இல்லை. ஆனால் அது எங்கே இருக்கும் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும். வழி கேட்காமல், எங்கும் திரும்பிப் பார்க்காமல், நேரே பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை வரிசைக்கு வேனை ஓட்டினேன். அங்கேயும் வெளிநாட்டுக்காரர்கள் மாலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு, ஊர்க்காரன் தோரணையில், சட்டைப்பைக்குள் கைவிட்டேன்.

"கைய எடுங்க. பொண்ணு வீட்டுக் காசுல பூ வாங்குறதா? நல்ல கதைதான்" என்று அம்மா அதட்டினார்.

வாத்தியார் மலேசிய வெள்ளி நோட்டுகளை விசிறிபோல் விரித்து, எது எவ்வளவு என்று தெரியாமல், பூக்காரம்மாவிடம் நீட்டினார். "எடுத்துக்கம்மா."

"எத்தன மொழம்?" என்றார் பூக்காரம்மா.

அம்மா என்னைப் பார்த்தார். "ஒங்க பொண்ணுக்கு முடி எம்புட்டு நீளம்?"

போன மாதம் வெட்டினாளா, வெட்டப்போவதாகச் சொன்னாளா? "தோள் வரைக்கும்... இல்ல, இடுப்பு... இருங்க, போன் போட்டுக் கேக்குறேன்."

"வேணாம் சம்பந்தி" என்றார் அவர். பூக்காரம்மாவிடம் திரும்பி, "நீ கூடவே அளந்து குடும்மா. மிஞ்சினா இவங்க வீட்டம்மா வச்சிக்கட்டும்" என்றார்.