தறிக்குழிக்கு மேல் நின்ற வண்டி

தறிக்குழியைப் பெருக்க இறங்கியபோதுதான் மாத்திரைகளைப் பார்த்தேன். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, பாதி கரைந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. என் அண்ணன் பட்டு நெய்தவர். சர்க்கரை நோயால் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிதிகட்டைக்கு இரண்டு கால் வேண்டும் என்பதால் தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். அவர் கால் தொங்கிக்கொண்டிருந்த குழி மட்டும் கூடத்தில் மிச்சம். அதன் ஓரத்தில்தான் அவருடைய கட்டில். அண்ணி மாத்திரை கொடுப்பார், இவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். அண்ணி சமையலறைக்குள் போனதும் குழிக்குள் துப்பியிருக்கிறார்.

வலது பாதத்திலும் ஒரு சிறு புண் வந்திருந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் அந்தக் காலும் போகும், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். மாத்திரைகளைக் காகிதத்தில் அள்ளிக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"இன்னொரு காலு எனக்கு இன்னாத்துக்குடா? எங்க போவப் போறேன்?"

காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கொல்லைப்புறத்தில், கோணிக்கு அடியில் அவருடைய பழைய வண்டி இருந்தது. இரண்டு சைலன்சர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போனது. இளவயதில் அதில்தான் படவேடு, தேவிகாபுரம் என்று சுற்றுவார். அதை அவர் ஓட்டும்படி மாற்றிக் கொடுத்தால், எங்கே போவது என்ற கேள்விக்காவது ஒரு பதில் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. பள்ளி அலுவலகத்தில் கோப்புகளை ஒழுங்காக அடுக்குவதுதான் என் வேலை. வேறு வழி தோன்றாததால் இதைப் பிடித்துக்கொண்டேன்.

குழிக்குக் குறுக்கே கனமான பலகைகளைப் போட்டு வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன். உள்ளே இறங்கி உட்கார்ந்தால் இன்ஜினின் அடிப்பாகம் முகத்துக்கு நேராக வந்தது. கழற்றிய போல்ட், வாஷர் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே இட்லித் தட்டுக் குழிகளில் வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டினேன்.

"தம்பி, நாளைக்கி இட்லிக்கு மாவு ஊத்தணுமா, கிரீஸ் ஊத்தணுமா, சொல்லிட்டுப் போங்க" என்றார் அண்ணி. நான் சிரித்தேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

அந்த வண்டியில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாறும். ஆனால் கியரை இடது காலால்தான் தட்ட வேண்டும். லேத் பட்டறையில் ஒரு நீளக் கம்பியை வளைத்து வாங்கி, டாங்குக்குப் பக்கத்தில் கையாலேயே தள்ளும்படி பொருத்தினேன். பின்னால் இரு பக்கமும் துணைச் சக்கரம். கிக் அடிக்க நான் இருக்கிறேன். எல்லாம் கூடிவந்தது, இன்ஜினின் வயிற்றை மூடும் இரண்டு அலுமினியப் பாதிகளைத் தவிர. அவை ஒன்றோடொன்று சேரும் விளிம்பு அரித்துப்போயிருந்தது. வெறும் பசையில் அது அடைபடவில்லை.

வேலூரில் சிலிண்டர் கடைந்து கொடுத்தவரிடம் போனில் கேட்டேன். பசை தடவி, அது காய்வதற்குள் மெல்லிய பட்டு நூலை விளிம்பு முழுக்கச் சுற்றிப் படியவைத்து மூடச் சொன்னார். நூல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும், நடுவில் முடிச்சு இருக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். முடிச்சு இருக்கும் இடத்தில் மயிரளவு சந்து விழும், அதன் வழியாகக் காற்று நுழைந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து சூடு ஏறிப் பிஸ்டன் இறுகிவிடும். "ஆரணிக்காரரு நீங்க, நூலுக்கா பேஜாரு?" என்று சிரித்தார்.

அண்ணனிடம் நூல் கேட்டேன். படுத்தபடியே கட்டிலுக்கு அடியில் இருந்த டப்பாவைக் காட்டினார். நான் எடுத்த நூல்கண்டைப் பார்த்துவிட்டு, "அது தடிமன். இத எடு" என்றார். அதைச் சொல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு, தன்னை நாற்காலியில் உட்காரவைத்துக் குழியோரத்துக்கு நகர்த்தச் சொன்னார்.

நூலை அவர் பிடித்துக் கொடுக்கக் கொடுக்க நான் விளிம்பில் படியவைத்தேன். முக்கால் பங்கு முடிந்தபோது நூல் அறுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்து இரண்டு முனைகளையும் எடுத்தார். விரல்கள் அவர் உத்தரவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அறுந்த நூலைக் கண்டால் தானாக முடிச்சுப் போடும் விரல்கள் அவை. முடிச்சை நகத்தால் நீவிவிட்டு, "ம், போடு" என்றார். காலை எடுத்த பிறகு அவர் செய்த முதல் வேலை அது.

முடிச்சு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பசையை வழித்துவிட்டுப் புது நூல் போட அரைமணி நேரம்கூட ஆகாது. அவர் முகத்தைப் பார்த்தேன். பசை அதை மூடிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முடிச்சோடு சேர்த்து மூடி இறுக்கினேன்.

அன்று இரவு மாத்திரையை அவரே கேட்டு வாங்கினார் என்று அண்ணி வந்து சொன்னார். அதன்பின் இன்ஜினை மறுபடி பிரிக்க எனக்குத் துணிவில்லை. தினமும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மாத்திரை எதுவும் இல்லை.

வண்டியைத் தெருவில் இறக்கி அண்ணனை ஏற்றி உட்காரவைத்து, கிக் அடித்தேன். புகை கிளம்பியது. அவர் கையால் கியரைத் தள்ளி, தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். எதிர்வீட்டுக்காரர், "சந்தவாசல் போற பஸ்ஸு இனிமே வேணாம்" என்றார். அண்ணன் நிற்காமல் மறுபடி போனார். அப்போதுதான் சத்தம் மாறியது. அவர் ஆக்சிலரேட்டரை முழுக்கக் குறைத்தும் இன்ஜின் தானாக வேகம் பிடித்துக் கத்தியது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பின் சக்கரம் இறுகி, வண்டி அப்படியே நின்றது.

அவரால் இறங்கி நடக்க முடியாது. அவர் உட்கார்ந்திருக்க, நியூட்ரலில் நான் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்றவர்கள் பேசாமல் வழிவிட்டார்கள். சிரித்திருந்தால் தேவலை. மறுநாள் காலை டார்ச் அடித்தபோது, பலகைக்கு அடியில் ஒரு வெள்ளை மாத்திரை கிடந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டன் உரசிக் கோடு கோடாக இருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் பசை ஓரமாக ஒதுங்கி, உலோகம் மட்டும் தெரிந்தது. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கேட்டார்:

"முடிச்சாண்டதான போச்சி?"

"இல்லண்ணா. பழைய பிஸ்டன். சூடு தாங்கல."

"பொய் சொல்லாத. போன்ல அந்தாளு சொன்னத நானும் கேட்டுகினுதான் இருந்தேன். கை தானா முடிச்சி போட்டுட்ச்சி, அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சி. நீ பிரிப்பன்னு பாத்தேன்." என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சிகினேதான விட்ட?" என்றார்.

"நீ எழுந்து உக்காந்திருந்த. எப்பிடி பசைய வழிக்கிறது?"

அண்ணி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் போல்ட்டுகளை அவற்றின் குழிகளில் வைத்துக்கொண்டே இருந்தேன், வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

"பிஸ்டனு கெடைக்குமா?" என்றார் அண்ணன்.

"தெரியல. வேலூர்ல இல்லன்னுட்டாங்க. மெட்ராஸ்ல கேக்கணும்."

"கேளு." பிறகு, "இந்தவாட்டி அறுந்தா என் கைல முனைய குடுக்காத. வழிச்சிட்டு மொதல்ல இருந்து போடு" என்றார்.

பிஸ்டன் இன்னும் கிடைக்கவில்லை. வண்டி பிரித்தபடியே பலகைமேல் நிற்கிறது. பாதத்துப் புண் ஆறவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. காலையில் எழுந்ததும் நான் முதலில் குழிக்குள்தான் டார்ச் அடிக்கிறேன். சில நாள் மாத்திரை இருக்கிறது. சில நாள் இல்லை.