வறுத்த அரிசிக்குள் ஒரு குழாய்

அத்தானின் கண்ணாடிக் குழாய் இப்போது எங்கள் சிராங்கூன் சாலை வீட்டில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், வறுத்த அரிசியில் புதைந்து கிடக்கிறது. அத்தான் என் அக்காவின் கணவர். கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். அணுவிலிருந்து தெறிக்கும் துகள்களை எண்ணுவதற்காக அதைச் செய்தார். உள்ளே செம்புத் தகடு, நடுவே மயிரிழை போல ஒரு கம்பி, காற்றை உறிஞ்சிவிட்டு அடைத்த வேறொரு வாயு. துகள் நுழைந்தால் காதில் மாட்டும் கருவியில் ‘டிக்’ என்று கேட்கும். ஆனால் இந்த ஊரின் ஈரம் கண்ணாடியில் படிந்தால் போதும், அதுவாகவே அடிக்கத் தொடங்கிவிடும். மெழுகு பூசிப் பார்த்துத் தோற்றவர், அக்கா உப்பு ஜாடியில் போட்டுவைக்கும் வறுத்த அரிசியைக் கண்டு, குழாய்க்கும் அதையே மெத்தையாக்கினார்.

என் மகளுக்குக் கழுத்தில் கட்டி. ஆஸ்பத்திரியில் நூல் கட்டிய ரேடியம் ஊசிகளைச் சதைக்குள் செருகியிருந்தார்கள். எடுக்கும் நாளில் ஒரு நூல் மட்டும் வெறுமனே வந்தது; முனையில் ஊசி இல்லை. உள்ளே தங்கியிருந்தால் பிள்ளையை எரித்துக்கொண்டே இருக்கும், மறுபடி கீறத்தான் வேண்டும் என்றார் டாக்டர். அத்தானுக்கு ஆளனுப்பினேன்.

பாட்டரிப் பெட்டியோடு மழையில் வந்தார். குழாய் கழுத்தருகே போனதும் விடாமல் அடித்தது. கருவியை வாங்கி நானும் கேட்டேன். அத்தான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார். அங்கேயும் அதே சத்தம்.

“ஈரம், மச்சான்,” என்று ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்கு நடந்தார்.

“அரிசிய வறுத்து யாருக்கு சார், பேஷண்டுக்கா? பல்லு போயிடும்,” என்றார் சமையல்காரர்.

அத்தான் குழாயைக் காட்டினார்.

“சரிதான். இதுக்கு ஏது பல்லு.”

இளஞ்சூட்டு அரிசியில் கிடந்து குழாய் அடங்கியது. இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளில் ரேடியம் பூசிய தன் கைக்கடிகாரத்தை அத்தான் அருகே பிடித்தார், படபடவென்று அடித்தது. கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மகளிடம் கொண்டுபோனார். எப்போதாவது ஒரு டிக்.

“பிள்ளையில ஒண்டும் இல்லை, மச்சான்.”

“இன்னொருக்கா பாருங்கோ, அத்தான்.”

பார்த்தார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் பார்த்தார்.

ஊசி, சலவைக்குக் கட்டிவைத்த துணி மூட்டையில் அகப்பட்டது. அங்கே குழாய் கதறியதாம். நான் போகவில்லை, மகளின் கட்டிலருகிலேயே நின்றிருந்தேன்.

அத்தான் இப்போது இல்லை. மகள் வளர்ந்துவிட்டாள், அவள் தும்மினாலும் என் கண் கழுத்துத் தழும்புக்குத்தான் போகிறது. குழாயில் எப்போதோ காற்றுப் புகுந்துவிட்டது.

“அதுதான் செத்துப்போச்சுதே அப்பா, பிறகேன் அரிசி வறுக்கிறீங்கள்?” என்று நேற்றுக் கேட்டாள்.

இளஞ்சூட்டோடு அரிசியை டின்னில் கொட்டி, குழாயை உள்ளே வைத்தேன். மூடுவதற்கு முன் சற்று நேரம் காது கொடுத்தேன்.