நான் வரைகிறேன், அவர் வெட்டுகிறார்

இங்கே போலந்தில் பட்டறைக்குள் நுழையும்போதுதான் காலில் மாட்டுகிறார்கள். அதுவும் சும்மா செருப்பல்ல, முன்னால் இரும்பு வைத்த கனத்த பூட்ஸ். கோவிந்தாபுரம் போகும் வழியில், எங்கள் ஊர் முதலமடையில் இருக்கும் சொந்தப் பட்டறையில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இயந்திரம் நிற்கும் இடம் எங்களுக்குச் சாமி இடம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இரும்புத் தகடு வெட்டும் பிளாஸ்மா மேசை முன்னால் பழக்க தோஷத்தில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உடன் வேலை செய்யும் மாரெக் ஓடிவந்து, "நோகா போலி?" என்றார். கால் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். எனக்குப் புரியாமல் மரியாதைக்குத் தலையாட்டினேன். புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் பதறியதில் தப்பில்லை. அந்த மேசையில் வெட்டும் முனைக்கு டார்ச் என்று பெயர்; அதன் சின்னத் துளை வழியாக அழுத்தமான காற்று சீறும். அதற்குள் மின்சாரம் புகுந்தால் அந்தக் காற்றே இரும்பை உருக்கும் அனலாகிவிடும். அந்த மின்சாரம் தகட்டில் இறங்கி, தகட்டைக் கவ்வியிருக்கும் எர்த் கிளாம்ப் வழியாகத் திரும்பிப் போக வேண்டும்; அந்த வழி இல்லாவிட்டால் தகட்டைத் தொடுபவரின் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். டார்ச்சை நகர்த்துவது கம்ப்யூட்டர். நாம் வரைந்த கோட்டில் இம்மி பிசகாமல் போகும். தகடு நெளிந்திருந்தால் வோல்டேஜை அளந்து டார்ச்சைத் தானே ஏற்றி இறக்கும். பக்கத்தில் நிற்பவர் காலில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

அப்படி ஒரு மேசையை என் வீட்டுக்காரரும் சமீபத்தில் முதலமடையில் வாங்கி இறக்கினார். படம் வரைய எனக்குத்தான் வரும் என்பதால் நான் இங்கிருந்து வரைந்து அனுப்புகிறேன், அங்கே அவர் வெட்டுகிறார். ஒரு மாங்காய் மண்டிக்காரர் வீட்டு கேட்டுக்கு மாங்கொத்து வரைந்து அனுப்பியிருந்தேன். எனக்குச் சாப்பாட்டு இடைவேளை, அங்கே சாயங்காலம். வெட்டுவதைக் காட்டுகிறேன் என்று அழைத்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

முதலில் கண்ணில் பட்டது அவர் கால். வெறுங்கால். புகையும் பொறியும் அடங்க மேசைக்கடியில் வைத்த தண்ணீர்த் தொட்டி வழிந்து, தரையெல்லாம் ஈரம். கிளாம்ப் தகட்டில் இல்லை, பெயின்ட் அடித்த மேசைக்காலைக் கவ்வியிருந்தது; பெயின்ட் கரண்டைக் கடத்தாது. அவர் கை தகட்டின் மேல் இருந்தது.

"ஏனுங்க, மொதல்ல செருப்பப் போடுங்க."

"நேத்துத்தான் பூச போட்டு பொட்டு வெச்சிருக்குது. செருப்போட நிக்கறதா? நீ பாரு கண்ணு, உன்ற மாங்கொத்து எப்படி வருதுன்னு."

காற்றடைக்கும் கம்ப்ரெசர் இரைச்சலோடு ஓடத் தொடங்கியது. கிளாம்ப், கிளாம்ப் என்று நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து, என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாரெக் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே வீட்டுக்காரரின் விரல் ஸ்டார்ட் பொத்தானுக்குப் போனது. திரை இருண்டு, அழைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை. செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். நான் வரைந்த கோடுதான் கொன்றது என்றும் நினைத்தேன். போன் சோற்றில் விழுந்தது, எடுத்துத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"பொத்தான அமுக்கறதுக்குள்ள கரண்டு போயிருச்சு. வைஃபையும் படுத்துக்கிச்சு. எதுக்குப் புள்ள அழுவற?"

கிளாம்ப், ஈரம், வெறுங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். "கிளாம்ப மாத்திப்போடறேன்," என்றார்.

"செருப்பும் போடற வரைக்கும் ஒரு படமும் அனுப்பமாட்டனுங்க."

மறுநாள் ஒரு போட்டோ வந்தது. புத்தம்புதிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, தெருமண் படாதது. அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். சிரித்தேன், அடுத்த படத்தை அனுப்பினேன். பயம் மட்டும் போகவில்லை. அங்கே அவர் வெட்டும் நேரத்தில் இங்கே நான் டார்ச்சைப் பற்றவைப்பதில்லை. "முடிஞ்சுது" என்று அவர் சொல்லும்வரை, போலந்து பூட்ஸுக்குள் என் பாதம் முதலமடை ஈரத்தில் சில்லிட்டுக் கிடக்கிறது.