கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு: சிறுநீரகத்துக்கான முதல் டிரிப்

1. ரயிலும் கட்டணமும்
2. பிரிக்ஃபீல்ட்ஸில் காலை உணவு
3. மருந்து ஏறும் நேரம்
4. தாதியரைத் தொந்தரவு செய்யாமல் பொறுமையாக இருப்பது

புறப்படுவதற்கு முந்தின நாளே போட்ட வரிசை இது. மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். என் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள்களே என் சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாக்குகின்றன. புரதம் சிறுநீரில் கசிந்து கால் வீங்குகிறது. அந்த எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் ரத்த அணுக்களை ஒழிக்க, ஆய்வகத்தில் செய்த வேறோர் எதிர்ப்பொருளை டிரிப்பாக, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். ஒத்துக்கொண்டால் டயாலிசிஸ் இல்லாமல் தப்பிக்கலாம் என்றார் டாக்டர். ஒத்துக்கொள்ளாமல் பாதியில் நிறுத்திவிட்டால்? எனக்கு அந்தப் பயம்தான்.

கிள்ளானில் காலை ஆறரை கொம்யூட்டர் ரயில். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூத்த குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம். நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு தோசை, சீனியில்லாத தேநீர், ஆறு ரிங்கிட். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் அன்று காலை போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கிராப் வாடகைக் கார் பன்னிரண்டு ரிங்கிட்.

ஒன்பதரைக்கு டிரிப் தொடங்கியது. சிறிது நேரத்தில் கழுத்து அரித்தது. சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்று சட்டைக் காலரை இழுத்து மூடினேன். பக்கத்து நாற்காலியில் பந்திங்கிலிருந்து வந்த ஒரு பெண், லூபஸ் நோயாளி. அவருக்கு இது மூன்றாம் முறை.

“அங்கிள், கொசு கடிக்குதா?”

“இல்லம்மா, சும்மாதான்.”

“சும்மாவா? கழுத்து தக்காளி மாதிரி இருக்கு லா! மிஸி, இங்க வாங்க. இந்த அங்கிள் சொறிஞ்சுக்கிட்டே இருக்காரு, வாயத் திறக்க மாட்டேங்கிறாரு!”

தாதி ஓடி வந்து டிரிப்பை மூடினார். “மூச்சு விட முடியுதா? தொண்டை இறுக்குதா?”

“அதெல்லாம் இல்ல. நிறுத்திடாதீங்க மிஸி.”

“இப்ப நிறுத்தினா அப்புறம் மெதுவா விடலாம் அங்கிள். சொல்லாம இருந்து மூச்சு அடைச்சா, இந்த மருந்தையே மறந்துட வேண்டியதுதான்.”

டாக்டர் வந்து பார்த்தார். ஓர் ஊசி போட்டார்கள். அரிப்பு அடங்கியதும், பழைய வேகத்தில் பாதியாக மறுபடி விட்டார்கள். நான்கு மணிக்குள் முழு மருந்தும் ஏறிவிட்டது.

“அடுத்த தடவ தக்காளி ஆகுறதுக்கு முன்னாடியே கூப்பிடுங்க,” என்று பந்திங் பெண் சிரித்தார்.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரியச் சில மாதங்கள் ஆகும். இருந்தாலும் அடுத்த டிரிப்புக்கு நிம்மதியாகவே போவேன். நீங்கள் போவதாக இருந்தால் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அறை குளிரும். திரும்பும்போது துணை இருப்பது நல்லது; தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

நான்காவது குறிப்பு தவறு. முதல் அரிப்பிலேயே தாதியைக் கூப்பிடுங்கள்.