தம்புராக்காரியின் மூக்கும் என் இரண்டு காதுகளும்

கச்சேரியில் மைக் பார்க்கிறவனைப் பற்றி யாராவது பேசினால் அன்றைக்கு ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். யாரும் பேசவில்லை என்றால் நன்றாக நடந்திருக்கிறது. நான் இருபத்து நாலு வருஷம் மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு மைக் பார்த்தவன். சாந்தோமில் மாதா கோயில் பூசைக்கு மைக் வைத்துப் பழகிய கை, எப்படியோ கர்நாடக சங்கீதத்தில் வந்து மாட்டிக்கொண்டது. சமையல்காரரோ, டிரைவரோ, மேடைக்குத் திரை இழுப்பவரோ, பெயர் போடாத வேலை பார்க்கிற உங்களுக்கெல்லாம் இந்தப் பாடு புரியும். அதில் எனக்குக் கூடுதலாக ஒன்று. கடைசி மூன்று வருஷம் என் காதுகளில் கீச்சுச் சத்தங்கள் விழவில்லை. மைக் பார்க்கிறவனுக்குக் காது சரியில்லை என்று செயலாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எதனோடும் சேராத திருகு

மேடையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். பாடகருக்குத் தன் குரல் கேட்க வேண்டும், வயலின்காரருக்குத் தன் வயலின், மிருதங்கக்காரருக்குத் தன் மிருதங்கம். எல்லோரும் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே காட்டுவார்கள். எல்லோருக்கும் ஏற்றினால் மைக் கூவ ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். என் மேஜை மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில், எந்த ஒயரும் போகாத ஒரு திருகை, வித்வான் கண்ணில் படும்படி தாராளமாகத் திருப்புவேன். அவர் முகம் மலர்ந்துவிடும்.

தி. நகரில் ஒரு மூத்த மிருதங்க வித்வானுக்காக ஒரே கச்சேரியில் மூன்று தரம் அதைத் திருப்பினேன். முடிந்ததும் அவர் மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து அந்தத் திருகைக் கையால் மறைத்துக்கொண்டேன். தோளைத் தட்டிச் சொன்னார்: "மத்த இடத்துல எல்லாம் ஏமாத்தறா. நீங்கதான் கேட்டதும் ஏத்தறேள்."

சட்டைப்பையில் மெஷின்

நாலாவது வரிசை ஓரத்து நாற்காலி, ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவருடையது. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்து போகும். இவர் மட்டும் என் மேஜைக்கு வருவார். பாட்டே கேட்கவில்லை என்பார். ஒருநாள் அவருடைய சட்டைப்பையில் காது மெஷின் எட்டிப் பார்ப்பதைக் கண்டேன். அதைப் போட்டுக்கொள்ளலாமே என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதைப் போட்டுண்டு தலையாட்டினா, எதைக் கேட்டு ஆட்டறான்னு சந்தேகப்படுவா."

அடையாறில் ஒரு பரீட்சை

வீட்டில் குக்கர் விசில் கேட்கிறதா என்று மனைவி இரண்டு முறை கேட்டபிறகு, அடையாறில் ஒரு காது ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மெஷினை இயக்கினாள். நான் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். விஷயம் இதுதான்: இருபது வருஷத்துக்கும் மேலாக மேடையில் இருப்பவர்களின் விரலைப் பார்த்தே வேலை செய்கிறவன் நான். அங்கேயும் அவள் விரல் அசைந்தபோதெல்லாம் என் கட்டைவிரல் தானாக அழுத்தியிருக்கிறது. அவள் என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். "கையைப் பாக்காதீங்க சார், கேளுங்க."

திரும்ப நடந்த பரீட்சையில் நான் தேறவில்லை.

கொட்டிவாக்கத்து மாடி

கொட்டிவாக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம், மாடியில் கச்சேரி. பாடியவர் எங்கள் சபாவில் அடிக்கடி பாடும் ஒரு பாடகி; அவர் வேனில் போகிற வெளியூர்க் கச்சேரிகளுக்கும் நான்தான் மைக். வேனில் முன் சீட்டு அவருக்கு, நடுவில் வாத்தியக்காரர்கள், கடைசி சீட்டில் ஸ்பீக்கர்களோடு நானும் தேவகியும். தேவகிக்கு நங்கநல்லூர். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மாலையில் பாடகிக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போடுகிறவள். திருச்சி, கோயம்புத்தூர் என்று எத்தனையோ பயணம் போயிருக்கிறோம். வழியில் எங்கே காபி நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை.

அன்று கல்யாணி ஆலாபனை. காற்றும் சங்கீதமும் சுகமாக இருந்தன. கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் முன் வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தேவகி இடது கையால் மேலே இருந்த ஸ்பீக்கரைக் காட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று குறைத்தேன். எல்லோரும் கையை எடுத்தார்கள். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டும்போது தேவகி பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணா, மைக் கூவினது உங்களுக்குக் கேக்கவே இல்ல, அப்படித்தானே?"

மூக்குத்தி ஏற்பாடு

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கச்சேரிக்கு முன்னால் தானாகவே ஒரு ஏற்பாடு சொன்னாள். தம்புரா மீட்டும்போது இடது கை ஓரளவு சும்மாதான் இருக்கும். மைக் கூவத் தொடங்கினால் மூக்குத்தியைத் தொடுவாள். நான் கீச்சைக் குறைக்க வேண்டும். பாட்டு மந்தமாகக் கேட்டால் தோட்டைத் தொடுவாள், கூட்ட வேண்டும். அவளும் பாடகியும் மேடையில் இருக்கிற நாட்களில் இப்படி. மற்ற நாட்களில் மிக்ஸரில் சத்தத்தோடு ஏறி இறங்கும் மீட்டர் விளக்கையும் மாதாவையும் நம்பிக் காலம் தள்ளினேன்.

இரண்டு வருஷம் ஒரு புகார் இல்லை. சபாவில் மைக் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. கேன்டீனில் ரவா தோசைக்குக் காத்திருந்த ஒரு மாமி மட்டும் வேறொன்றைக் கவனித்திருந்தார். "பாவம், அந்தத் தம்புரா போடற பொண்ணுக்கு அலர்ஜி போலருக்கு. மூக்குல வெச்ச கையை எடுக்கவே மாட்டேங்கறா."

தில்லிக் குளிர்

போன டிசம்பரில் பாடகியும் தேவகியும் தில்லியில் கச்சேரி செய்துவிட்டு, அன்று மதியம்தான் விமானத்தில் வந்து இறங்கினார்கள். மாலை எங்கள் சபாவில் கச்சேரி. நேரம் ஆகிவிட்டதால் தேவகியிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. திரை விலகியது. வர்ணம் தொடங்கியதும் அவள் மூக்கைத் தொட்டாள். குறைத்தேன். மறுபடி தொட்டாள். மறுபடி குறைத்தேன். அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தரம் தொட்டிருப்பாள். இன்றைக்கு என்ன இப்படிக் கூவுகிறது என்று வியர்த்துப்போய்க் குறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் பாடகி பாட்டை நிறுத்தினார். கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. தேவகி கைக்குட்டையை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு நிஜமாகவே ஜலதோஷம்.

செயலாளர் மேஜைக்கு ஓடிவந்தார். ஒயர் மேல் பழி போட்டிருக்கலாம்; இருபத்து நாலு வருஷத்தில் எத்தனையோ தரம் போட்டிருக்கிறேன். ஆனால் மேடையில் தேவகி அழுகிற நிலைமையில் உட்கார்ந்திருந்தாள். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள் என்று தோன்றியது. "ஒயர் இல்ல சார், என் காதுதான்" என்று ஆரம்பித்து, மூக்குத்தி வரைக்கும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. மறுநாள் வேறு ஆள் மைக் பார்த்தார். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

அன்று மாலை, திருகுகளை எல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கச்சேரியை மறுபடி தொடங்கியபிறகு, செயலாளர் என் பக்கத்திலேயே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சபையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருஷமா ஒரு பொண்ணு மூக்கைத் தொட்டுத் தொட்டு இந்தச் சபாவை நடத்திண்டிருக்கா. இத்தனை ஞானஸ்தா உக்காந்திருக்கா, ஒருத்தருக்கும் தெரியலையே ஸ்டீபன்."

மூன்று வருஷமாக நான் வாய் திறந்து சொல்லத் துணியாததை, தேவகியின் ஜலதோஷம் ஒரே மாலையில் சொல்லி முடித்துவிட்டது.