அன்றைக்கு எந்தக் காடு

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்தியானத்துக்கு மேல் என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது என்பதுதான் அந்த வருஷம் தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளில் பெரிய வழக்கு. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் வழியில் உள்ளடங்கி இருந்த காப்பி எஸ்டேட் அது. அங்கே ஒரே அறையில் ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு டீச்சர். பெரிய வகுப்புகளுக்குச் சாயங்காலம் வரை பாடம் நடக்கும். எங்களைப் போன்ற பொடிசுகளுக்கு மத்தியானச் சோற்றோடு சரி. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அம்மாக்கள் பழம் பறிக்கும் காட்டுக்கு ஓடிவிடுவோம். காப்பிச் செடி நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு.

பறிப்பு ஒரே இடத்தில் நடக்காது. பழம் எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே ஆட்களை அனுப்புவார், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர். அதனால் காலையில் பள்ளிக்கூட வாசலில் என் கையை விடும்போது அம்மா அன்றைய காட்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவாள். பலா மரத்துக் காடு, சுனைக் காடு, கரட்டுக் காடு என்று தினம் ஒன்று. அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பேன். டீச்சர் சொல்லித் தந்த எழுத்தெல்லாம் மறந்து போகும். காட்டின் பெயர் மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

காட்டில் எனக்கென்று வேலை கிடையாது. உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி அம்மாவின் கூடையில் போடுவேன். தாழ்ந்த கிளைகளில் பறிக்க அக்கா சொல்லிக் கொடுத்தாள். அக்கா அப்போதுதான் தாவணி போட ஆரம்பித்திருந்தாள். அவளும் என்னைப் போல மத்தியானத்துக்கு மேல் காட்டுக்கு வந்து பழகியவள்தான். கை வேகம் கூடியதும் பறிப்புக் காலத்தில் காலையிலும் வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் எந்த நாளோடு நின்றது என்று அவளுக்கே தெரியாது. ரைட்டர் நின்று பார்க்கும் அளவுக்கு அவள் விரல்கள் ஓடும். ஒருநாள் பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த அத்தை என்னைக் காட்டி, "இவளும் அவ அக்காளாட்டமே வந்துருவா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே அம்மா டீச்சரைப் பார்த்து, பொடிசுகளையும் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். இந்த வயதில் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்களே என்று டீச்சர் தயங்கினார். அப்பாவுக்கும் பிடிக்கவில்லை. பச்சைப் பிள்ளையைப் பொழுதுக்கும் அடைத்து வைத்தால் ஏங்கிப்போகும் என்றார். அவர் சொன்னதில் கபடம் எதுவும் இல்லை, என் மேல் அவருக்கு உயிர். கடைசியில் விருப்பப்பட்டவர்கள் பிள்ளையைச் சாயங்காலம் வரை விடலாம் என்று முடிவானது. அப்பா ஒரு நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

"ஒரு நாள் அழுதுக்கிட்டு ஓடியாந்தாலும் அத்தோட முடிஞ்சுது. பழையபடி காட்டுக்கே வரட்டும்."

மறுநாள் முதல் அம்மா காட்டின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் கேட்டேன். "அது எதுக்குக் கண்ணு உனக்கு? நீ இங்கதான இருக்கப் போற" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.

சோற்றுக்குப் பிறகு டீச்சர் சாக்கு விரித்து எங்களைப் படுக்கச் சொல்வார். பெரியவர்களுக்குக் கணக்குப் போட வேண்டுமே, அவர்தான் என்ன செய்வார்? எங்களில் யாராவது ஒருவர் விசும்பிக்கொண்டே இருப்போம். சின்னப் பிள்ளைகளை அவ்வளவு நேரம் உட்கார வைப்பதால் என்ன லாபம் என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். அந்தச் சாக்கில் படுத்து நான் ஒரு எழுத்தும் அதிகமாகக் கற்றதாக ஞாபகம் இல்லை. அந்த அளவில் அப்பா சொன்னது சரிதான்.

ஒரு மத்தியானம் என்னால் முடியவில்லை. ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்தவள் ஓட ஆரம்பித்தேன். அம்மா எந்தக் காட்டில் இருக்கிறாள் என்று தெரியாது. கடைசியாக அவள் சொன்ன பெயர் சுனைக் காடு. அங்கேயே போனேன். பறிப்பு என்றைக்கோ முடிந்து, செடிகளில் பச்சைக் காய் மட்டும்தான் இருந்தது. ஆள் அரவமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சு இறங்கிப் பனிமூட்டத்தில் எல்லா வரிசையும் ஒன்று போல ஆகிவிட்டது. அம்மா அம்மா என்று கத்திப் பார்த்துவிட்டு, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு பயத்தை அதற்குப் பிறகு நான் அறிந்ததில்லை.

பறிக்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் எடுக்கச் சுனைக்கு வந்த அக்காதான் என் அழுகையைக் கேட்டு வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முதலில் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு தாவணியால் என் முகத்தைத் துடைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அம்மாவிடம் போகிறோம் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடத்துப் பாதையில் திரும்பினாள்.

"ஊட்டுல மூச்சு விடாத சாமி. அப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே உன்னக் காட்டுக்கு இழுத்துக்குவாங்க."

எனக்கு அதுதானே வேண்டும்? நானும் உன்னாட்டமே பழம் பறிக்கிறேன் என்றேன். அக்கா என்னை அடித்தாள். அதற்கு முன்னால் அவள் என் மேல் கை வைத்ததே இல்லை.

பள்ளிக்கூட வாசலில் டீச்சர் பதறிப்போய் நின்றிருந்தார். "ஏனுங்க டீச்சர், புள்ள வழி தப்பிருச்சுங்க. ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். டீச்சர் தலையசைத்தார். போகும்முன் அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்.

"இன்னைக்குக் கரட்டுக் காடு. நீ வரக்கூடாது. சும்மா தெரிஞ்சு வெச்சுக்க."

அந்தப் பெயர் கிடைத்ததும் என் அழுகை நின்றது. அன்று முதல் தினமும் காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் அக்கா அன்றைய காட்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவாள். அதை வைத்துக்கொண்டு என்னால் சாயங்காலம் வரை உட்கார முடிந்தது.

வழி தப்பிய அந்த மத்தியானம் சாக்கில் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் போகவில்லை. காட்டில் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள், குடம் சுனைக் காட்டிலேயே கிடக்கிறது. அவளோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் பெரிய வகுப்புக்காகக் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அக்காவின் பார்வை அங்கேயே இருந்தது. உதடுகள் ஒவ்வொரு எழுத்தாக மெல்ல அசைந்தன. நான் மறுபடியும் ஓடிவிடாமல் காவலுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். இனிமேல் ஓட மாட்டேன், நீ போ என்று அவளுக்குக் கையைக் காட்டினேன்.